உஷ்காரர்

அவர் தொழில் ஒலிப்பதிவு. ஆனால் அரங்கத்தில் எல்லோருக்கும் அவர் உஷ்காரர்தான். பின்னால் யாராவது தும்மினால்கூடத் திரும்பி "உஷ்!" என்பார், முப்பது வருடத்தில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மேடைப் பேச்சின் நடுவே ஒரு நாற்காலி முனகினால் போதும், மனசுக்கு எட்டுமுன் விரல் ஒலிக்குமிழைக் கீழே இறக்கிவிடும்.

வீட்டிலும் அதே கூத்துதான். அவர் பதிவு செய்யும் பின்னறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் மனைவி நுனிக்காலில் நடக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடச் சைகையில் அனுமதி கேட்பாள், பாவம். "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, மைக்கைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று ஒருநாள் கத்தினாள். மனுஷன் அதையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் பதிவைக் கொடுத்தார்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் போய்ச்சேர்ந்தாள். "அம்மா குரல் எதுலயாவது இருக்காப்பா? ஒரு வார்த்தை போதும்," என்று மகள் கேட்டாள். இருநூறு ஒலிநாடாக்களைப் போட்டுப் பார்த்தார். யார் யார் குரலோ இருந்தது, அவள் குரல் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலைக்காரர்! 'வெற்று அறை' என்று எழுதியதை மட்டும் அவர் தொடவில்லை. வெட்டிய இடங்களில் ஒட்டுப்போடுவதற்காக, பேச்சே இல்லாத பின்னறையின் ஒலியைப் பதிந்து வைத்த நாடா அது. முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் அதை அவர் ஓடவிட்டதே இல்லை.

அந்த வாரம் அரங்கத்துக்கு ஓர் இசைக்காரி வந்தாள். தாளம் கிடையாது, ஒத்திகை கிடையாது; அந்த நேரத்தில் தோன்றுவதுதான் இசை. "ஒண்ணுமே இல்லாத பழைய டேப் இருக்காண்ணா?" என்று கேட்டாள். அவள் கருவி நாடாவை ஒலிக்கவிட்டு, உடனே அதே இடத்தில் மேடைச் சத்தத்தைப் பதியும், பழையது அழிந்துபோகும்.

"ஒரு தடவை கேட்டது திரும்ப வராதுண்ணா. அதுதான் இதோட அழகே."

"எங்க தொழில்ல அதுக்குப் பேரு வேற," என்று முணுமுணுத்தபடி வெற்று அறையை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை முப்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வரிசையில் மகள். விளக்குகள் தணிந்ததும் அவருடைய பின்னறையின் மெல்லிய ரீங்காரம் கூடத்தை நிரப்பியது. அதன்மேல் இசைக்காரி ஒரு கம்பியை வில்லால் இழுத்துக்கொண்டே இருந்தாள். இதிலென்ன இருக்கிறது என்று நினைத்தவருக்கே கொஞ்ச நேரத்தில் பிடித்துப்போனது. அந்த அறையில் கழிந்த வருடங்கள் நினைவுக்கு வர, கண்ணை மூடிக்கொண்டார்.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். நாடாவில் ஒரு கதவு கிறீச்சிட்டது.

"என்னங்…"

விரல் குமிழை இறக்கிவிட்டது.

அது யார் என்று அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போய்க் குமிழை உச்சிவரை ஏற்றினார். "உஷ்!" என்று அவருடைய பழைய குரலே கூடம் அதிர ஒலித்தது. பிறகு யாரோ பார்த்துப் பார்த்துக் கதவைச் சாத்தும் சத்தம். அவ்வளவுதான். நாடாவில் கேட்ட இடமெல்லாம் அழிந்து கம்பியின் ஓசை ஏறிவிட்டது.

இசையின் பகுதி என்றே நினைத்து எல்லோரும் கடைசியில் கைதட்டினார்கள். மகள் மட்டும் நேராக அவரிடம் வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அது அம்மாதானேப்பா? ஏன் குறைச்சீங்க? என்ன சொல்ல வந்தாங்க?"

அவர் இன்னும் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா," என்றார். "அன்னைக்கும் நான் சொல்ல விடல."