இடப்பக்கம் திரும்பிப் படுங்க

கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிப்போவது என் தொழில். தலை நரைக்கும் வரை ஓட்டிய மலைப்பாதை அது. போன வருடம் மழை பிடித்த சமயத்தில் அந்தப் பாதையை நினைத்தாலே பயம் வரத் தொடங்கியது. மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டியதுமே அடிவயிறு முட்டும். வண்டியை ஓரங்கட்டி இறங்குவேன். நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரண்டு வளைவுக்குள் மறுபடியும் முட்டும்.

பின்னால் இருந்த பெண்களில் வயதில் மூத்த ஒருத்தி ஒருநாள், "தம்பி, சுகர் இருக்கான்னு பாத்துக்கப்பா" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் மலையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் வரிசையாக வண்டிகள். இறங்கி எங்கே போவது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்சட்டை நனைந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மலைப்பக்கம் பார்த்தார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று தடுமாறினேன். அவளே சொன்னாள்.

"துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன். தேனிக்குப் போவோம்."

தேனியில் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் ஒன்றும் எழுதினார். தண்ணீரைக் குடித்து, முட்டும் வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்றார்கள். தண்ணீரைக் கண்டு பயந்துகொண்டிருந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கூப்பிடுவதற்குள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அடிவயிற்றில் சில்லென்ற ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். "போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு மறுபடியும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நான் முழுவதும் போய்விட்டதாகவே நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் உள்ளேயே தங்கியிருந்தது.

ரத்தத்திலும் ஏதோ கூடுதலாக இருக்கிறது, ஆசனவாய் வழியாக இன்னொரு ஸ்கேன் எடுத்தால் தெளிவாகத் தெரியும் என்றார் டாக்டர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்குமா, மயக்க ஊசி உண்டா, சாப்பிட்டு வரலாமா என்று எல்லாவற்றையும் கேட்டது என் மனைவிதான்.

சொன்ன நாளில் போனோம். வயிறு சுத்தமாவதற்குக் காலையிலேயே மருந்து கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் அறைக்குள் நுழைந்தால் டாக்டர் ஒரு பெண். என் மகன் வயதுதான் இருக்கும். திரும்பி வெளியே வந்துவிட்டேன்.

"என்னங்க?"

"பொம்பளப் புள்ள இருக்கு. ஆம்பள டாக்டரு இருக்கும்போது வருவோம்."

மனைவி குரலை உயர்த்தவில்லை. "நம்ம பய பொறக்கையில ஆம்பள டாக்டர்தான் பாத்தாக. நான் எந்திரிச்சு ஓடுனேனா?"

இருந்தாலும் பக்கத்தில் காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் உள்ளே போனேன்.

அந்தப் பெண் எதையும் சொல்லாமல் செய்யவில்லை. "இடப்பக்கம் திரும்பிப் படுங்க. முழங்காலை நெஞ்சுகிட்ட மடக்கிக்கங்க." இடுப்புக்குக் கீழே ஒரு துணியைப் போர்த்தினார். விரலைவிடக் கொஞ்சம் தடித்த கருவி ஒன்றைக் காட்டினார். அதற்கு உறை மாட்டி ஜெல் தடவியிருந்தது. "வலிக்காதுய்யா, அழுத்துற மாதிரி இருக்கும். ஒண்ணுக்கு வர்ற மாதிரியும் தோணும். மூச்சை மெதுவா விடுங்க."

அவர் சொன்னபடிதான் இருந்தது. பெரிய வலி இல்லை. ஆனாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது. என் அப்பா மூத்திரக் கோளாறில் செத்தார் என்பதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. அவர் யாரிடமும் காட்டவில்லை.

ஓர் இடத்தில் கருவி நின்றது. பொத்தானைத் தட்டும் சத்தம் கேட்டது. அதே இடத்தை மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா இருக்கு?"

"மூத்திரப் பைக்குக் கீழ இருக்குற சுரப்பி நல்லா வீங்கியிருக்கு. ஒரு எடத்துல கொஞ்சம் கறுப்பாத் தெரியுது. ஸ்கேனை மட்டும் வச்சு நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாதுய்யா. சதை எடுத்துப் பாக்கச் சொல்லுவாங்க."

திரும்பும் பஸ்ஸில் வீரபாண்டி வந்ததும் மனைவி கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். வேண்டிக்கொண்டது என்ன என்று நான் கேட்கவில்லை. சின்னமனூர் தாண்டித் திராட்சைப் பந்தல்கள் வந்தன. மகனுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதையே கம்பம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

சதை எடுத்த பிறகு சில நாட்கள் சிறுநீரில் ரத்தம் வந்தது. வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர், "இப்போதைக்குப் புற்றுநோய் இல்லை. வெறும் வீக்கம்தான். மாத்திரை போடுங்க. ரத்தத்தை மட்டும் அப்பப்பப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். வெளியே வந்ததும் என் மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். அத்தனை நாளும் அழாதவள். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

மாத்திரையில் பரவாயில்லை. மறுபடியும் ஜீப் எடுத்தேன். உடம்புக்கு என்ன என்று பெண்கள் கேட்டபோது மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "எங்க வீட்டுலயும் அவுக இப்படித்தாண்ணே எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாக. கேட்டா எரிஞ்சு விழுறாக" என்றாள்.

அந்த மனிதரை டீக்கடையில் பார்த்துப் பேசினேன். ஒரு பெண் டாக்டர் பார்த்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, மழை எப்போது விடும் என்று என்னிடம் கேட்டார். இன்னும் அவர் டாக்டரிடம் போகவில்லை. எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதம்.