கடலுக்குக் களையெடுக்கச் சொன்னவன்

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனாக இருந்தவன் பாக் நீரிணைக் கரையில் நண்டு வலை போட்டுப் பிழைத்தான். எனக்குக் குரங்கணிக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். போடியில் ஒரு வீடு. வீடு நிறையப் புத்தகங்கள். ஊருக்கு யோசனை சொல்ல இவ்வளவு தகுதி போதும் என்று நம்பியிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய கடல்புல்லை நாடா நாடாவாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். கரையோரம் ஆழமில்லாத இடமெல்லாம் அந்தப் புல்தானாம். நண்டு எடுப்பதைவிடப் புல் எடுக்கவே பொழுது போகிறது என்றான்.

"களையெடுக்காத காடு என்னைக்கு மாப்ளே காய்ச்சிருக்கு? வேரோட வாரி எறி" என்றேன்.

"மலைக்காரன் கடலுக்கு வைத்தியம் சொல்றான் பாரு" என்று மனைவியிடம் சிரித்தான்.

சிரித்தவன் செய்தும் விட்டான். அவனும் பங்காளிகளும் படகுகளின் பின்னால் இரும்பு வாரியைக் கட்டி இழுத்து, வலை போடும் இடம் முழுக்க வாரினார்கள். "வல கண்ணாடி மாதிரி வருது மாப்ளே!" என்று போன் செய்தான். நான் இரண்டு வாரம் டீக்கடையில் அதைச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வருடம் வலை இன்னும் சுத்தமாக வந்தது. நண்டுகூட இல்லாத சுத்தம்.

அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். கடற்பசு மேய்வதும் அதைத்தான். சேற்றைப் பிடித்து நீரைத் தெளியவைப்பது அதன் வேர். வேர் போனதும் சிறு அலைக்கே கடல் கலங்கியது; கலங்கலில் வெயில் இறங்காமல் மிச்சப் புல்லும் செத்தது. புல்லைத் திரும்ப வளர்க்க, மூங்கில் சட்டத்தில் அதன் தண்டுகளைக் கட்டிக் கடலில் இறக்கிப் பார்த்தான் அவன். வேர் பிடிக்கவில்லை.

போன வருடம் படகை விற்றுவிட்டு மனைவியோடு போடிக்கு வந்தான். "ஏதாச்சும் வேலை இருந்தாக் குடு மாப்ளே." என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

என் தோட்டத்திலேயே களையெடுக்கச் சேர்த்தேன். முதல் நாள் சரிவில் குனிந்து கொத்தாகப் புல்லைப் பிடுங்கினான். பக்கத்தில் அரிவாளோடு நின்ற வேலைக்கார அம்மா பதறிவிட்டார்.

"அண்ணே, வேரோட புடுங்காதீக! ஒரு மழைக்கு மண்ணு பூராம் ஓடையில போயிரும். மேலாக்க அறுத்தாப் போதும். மலையில எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"உனக்கும் தெரியுமா மாப்ளே?"

"தெரியும்" என்றேன்.

கடலில் ஏது சரிவு, ஏது மழை என்று, யோசனை சொன்ன அன்று நினைத்திருப்பேன். நினைத்தேனா என்பதே சந்தேகம்.

சாயங்காலம்வரை அவன் அறுத்தான். ஒரு வேர்கூடப் பெயரவில்லை. மறுநாளிலிருந்து வேறு தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்பில் போகிறான்.