எர்ணாவூரில் மாறிய கட்டைப்பை

காலை ஏழு மணிக்கு ராயபுரம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். கையில் ஒரு கட்டைப்பை. துணிக்கடையில் புடவையோடு கொடுப்பார்களே, அதேதான். உள்ளே, படமெடுக்கும் ஆசையில் நான் இரவல் வாங்கிய என் மனைவியின் தம்பி பிரபுவின் கேமராவும் இரண்டு லென்சும், துண்டில் சுற்றி. மறுநாள் காலை அவன் அதை வைத்து ஒரு கல்யாணம் எடுக்க வேண்டும். அவனுக்கு வேறு கேமரா கிடையாது. "மாமா, பத்திரம்" என்று வாசல்வரை வந்து சொல்லியிருந்தான். தாம்பரத்திலிருந்து வந்த வழியெல்லாம் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கேமராவுக்கென்றே அவனிடம் கறுப்பு முதுகுப்பை ஒன்று உண்டு. மெத்தை வைத்த தோள்பட்டை, ஒவ்வொன்றுக்கும் தனி அறை, சுமப்பதே தெரியாது. ஆனால் போன தடவை அதை மாட்டிக்கொண்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து நொந்துபோனேன். லென்ஸ் எடுக்கப் பையைக் கீழே வைக்க வேண்டும். கீழே ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும். முதுகெல்லாம் வேர்வை. போதாததற்கு, போகிற இடமெல்லாம் எந்த டிவி என்று விசாரணை வேறு. கட்டைப்பை என்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று என் மனைவி சொன்னாள். பிரமாதம் என்று நானும் தலையாட்டினேன்.

காசிமேட்டில் அது பலிக்கத்தான் செய்தது. கையை விட்டால் கேமரா, படம் எடுத்ததும் உள்ளே. கைப்பிடி விரலை அறுத்தது ஒன்றுதான் குறை. வெயில் ஏறியபின் திருவொற்றியூர் தேரடிக்கு வந்து எண்ணூர் ஷேர் ஆட்டோவில் ஏறி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணும் தன் பையை அங்கேயே வைத்தார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிரைவர் புகுந்து புகுந்து ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் லென்ஸ் என்ன ஆயிற்றோ என்று எனக்குத் திக் திக்கென்றது. எர்ணாவூரில் ஒரு கம்பெனி வாசலில் அந்தப் பெண் அவசரமாக இறங்கிப் போனார். நான் எண்ணூர் போய்ச் சேர்ந்தேன்.

முகத்துவாரத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. புகைபோக்கிகளுக்கு முன்னால் ஒரு படகு தனியாக நின்றது. நல்ல படம். பையில் கையை விட்டேன். சுடச்சுட எவர்சில்வர்.

துண்டை விலக்கினால், நாலு அடுக்கு டிபன் கேரியர். வரும்போதே மீன் வாசனை அடித்ததுதான். இந்தப் பக்கம் எங்கேதான் அடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். அதே கடைப் பை, ஏறக்குறைய அதே கனம். அய்யோ, நாளைக்குக் கல்யாணம். வேண்டுமென்றே எடுத்துப் போயிருப்பாளோ என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் மேல்மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் கண்ணில் பட்டது: ஆரோக்கியமேரி.

தனி ஆட்டோ பிடித்து எர்ணாவூருக்குத் திரும்பினேன். இருநூறு ரூபாய் கேட்டார், பேரம் பேச வாய் வரவில்லை. கம்பெனி வாசலில் சாப்பாட்டு நேரம். வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் கையில் அதே கட்டைப்பை. முகமும் சரியாக ஞாபகமில்லை. வெட்கத்தை விட்டு, "ஆரோக்கியமேரி! ஆரோக்கியமேரி!" என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. அவ்வளவுதான், போச்சு என்று கண் கலங்கிவிட்டது.

கேட்டுக்கு அந்தப்பக்கம், ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வந்தார்.

"அது எங்கம்மா பேரு சார். கண்ணாலத்துக்கு சீரு குடுத்த கேரியரு, அவங்க பேர வெட்டித்தான் குடுத்தாங்க. அவங்க தவறிப் பூட்டாங்க. யாருடா எங்கம்மாவ கூப்புடுறதுன்னு பக்குன்னு ஆயிடிச்சி."

கேமராவைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. எங்கே திருடி என்று சொல்லிவிடுவார்களோ என்று, பையைக் கீழேகூட வைக்காமல் வெயிலில் நின்றிருக்கிறார். நான் நினைத்ததை எண்ணி எனக்கு உடம்பு கூசியது. பைகளை மாற்றிக்கொண்டதும் அவர் முதலில் பார்த்தது குழம்பு கொட்டியிருக்கிறதா என்றுதான். கொட்டவில்லை. உள்ளே வேலை பார்க்கும் அவர் கணவர் வந்து சாப்பாட்டை வாங்கப் போனபோது மூடியை மட்டும் கழற்றிக்கொண்டார்.

"தேச்சி தேச்சி எய்த்து அயிஞ்சிகினே வருது சார். இத்த ஒரு போட்டோ புடிச்சிக் குடேன்."

சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினார். எடுத்தேன்.

அன்று இரவு பிரபு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீன் குழம்பு வாசனை வருகிறதே மாமா என்றான். அடுத்த முறை கறுப்புப் பைதான், முதுகு வெந்தாலும் பரவாயில்லை. கல்யாணத்துக்காக மெமரி கார்டை அழிக்கப் போனவனிடம் அந்த ஒரு படத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெரிய அளவில் அச்சடித்தாயிற்று. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். ஆனாலும் அந்த வாசலில் நின்று ஆரோக்கியமேரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.