ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு பூச்சட்டி

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. அந்த இலையுதிர்காலத்தில், மலிவாக வாங்கிவந்த குரோக்கஸ் பூக்கிழங்குகளை, கனடாவில் எங்கள் மல்வேர்ன் அப்பார்ட்மென்ட் பல்கனியில் ஒரு சட்டிக்குள் புதைத்துவிட்டு, கைமண்ணைத் தட்டியபடி என்னிடம் சொன்னார்:

"பனி கரையேக்க முதல் பூக்கிறது உதுதான். உது பூக்க அப்பாவும் வந்திடுவார், பார்."

அப்பா கொழும்பில் வீசாவுக்குக் காத்திருந்தார். மாமாவுக்கு அது வெறும் பேச்சு. எனக்கோ அன்றோடு இருப்புக்கொள்ளாமல் போயிற்று. மண்ணுக்குள் விரலை விட்டுக் கிளறுவேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பி ஓடுவேன். லிஃப்ற் நிற்கிற சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன்.

"உன்ர காலில என்ன, சக்கரமே?" என்று அம்மா சிரிப்பார். அவர் விடிய முன்னம் இருட்டோடு, வேலையாட்களை ஏற்றவரும் வான் வண்டியில் ஏறி, மார்க்கம் நகரப் பக்கம் வேலைக்குப் போய்வருவார். என்ன வேலையென்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

மார்கழியில் கொழும்பிலிருந்து போன் வந்தது. அம்மா சுவரைப் பார்த்தபடி "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"அப்பா சுகமாம்" என்றார் என்னிடம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால், சட்டி வீட்டுக்குள், ஹீற்றருக்குப் பக்கத்தில்!

"பாவம் பிள்ளை, வாயில்லாச் சீவன். வெளியில விறைச்சுச் செத்துப்போகும்" என்றார் அம்மா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, உது ஊர்க் கத்தரிக்கண்டே? உதுக்குக் குளிர் வேணும்!"

நான் சட்டியை வெளியே வைத்தேன். மறுநாளே அது திரும்பவும் உள்ளே. இந்த முறை மாமா சிரிக்கவில்லை, தன் பாட்டில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வருகுதென்று சொல்லி, பல்கனிக் கதவைச் சுற்றி அம்மா ஒட்டுநாடா ஒட்டிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கனடா வந்தும் இந்த மனிசிக்கு ஒன்றும் விளங்கவில்லையே!

பனி கரைந்து, கீழே புல்லுக்குள் ஊதாப் பூக்கள் வந்துவிட்டன. எங்கள் சட்டியில் வெளிறிப்போன இலைகள் நீண்டு, சரிந்து கிடந்தன. ஒரு மொட்டுக்கூட இல்லை.

"நீங்கள்தான் கெடுத்தனீங்கள்! இனி அப்பா வரமாட்டார்!" என்று கத்தினேன்.

"ஓம் பிள்ளை, என்னிலதான் பிழை. ஏசிறதெண்டால் என்னை ஏசு. அப்பாவில பிழையில்லை" என்றார் அம்மா. நான் கனநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகொரு கோடையில், எந்தக் கிழங்கையும் கேளாமல், அப்பா வந்து சேர்ந்தார். அந்த மார்கழி போனில் வீசா மறுத்துவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சட்டியின் கதை அதற்கும் பிறகுதான் எனக்கு விளங்கியது. பெரிய வகுப்புக்கு வந்தபின் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு வேலைக்குப் போனேன். மார்க்கத்தில் அது ஒரு பூக்கன்றுத் தோட்டம். குளிரறைக்குள் தட்டுத் தட்டாகக் குரோக்கஸ் கிழங்குகள். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்:

"தங்கச்சி, சூட்டுப் பக்கம் கொண்டுபோயிடாதேங்கோ. குளிர் காணாட்டி உது பூக்காது."

கனடா வந்த நாள்தொட்டு அம்மாவுக்கு அந்த அறையில்தான் வேலை.