காவலுக்கு யாரு?

"அக்கா இந்த மாசத்தோட நிக்கிறாங்க. ஆண்டு மலருக்கு அவங்களப் பத்தி அரைப் பக்கம் எழுதிக் குடுங்க" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். 'நிக்கிறாங்க' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் அந்த அம்மா பதினோரு வருஷமாக நின்றுகொண்டுதான் இருந்தார். 'தன்னலமற்ற சேவை' என்று முதல் வரியை எழுதி, உடனே அடித்தேன். கொஞ்சமாவது தன்னலம் இருந்திருந்தால் நன்றாகத் தூங்கியாவது இருப்பார். அரைப் பக்கத்தில் அடங்காது என்று தெரிந்ததும் பேனாவின்மேல் எரிச்சல் வந்தது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. நான் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கான இல்லம். முன்பு அச்சகமாக இருந்த கட்டடம். எவ்வளவு தேய்த்தாலும் தரையில் மைக்கறை போகாது. மொத்தம் பதினாலு கட்டில். பாலத்தடியிலும் பஸ் நிலையத்திலும் படுத்துக் கிடப்பவர்களிடம் எங்கள் வேன்காரர் போய்ப் பேசிக் கூட்டி வருவார். வருகிறவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதும் குமாஸ்தா நான். பட்டாளத்தின் வாசலை மிதித்தவனில்லை. கோபக்காரன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நானும் கெடுத்துக்கொண்டதில்லை.

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் புண் கட்டும் பிரிவில் நர்ஸ் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே ஏறினால் ஒரு மணிக்கு இறங்குவார். எங்களிடம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று விட்டுப் போனபோது, "ஒரு வாரம் மட்டும் வந்து பாத்துக்குங்க" என்று செயலாளர் கேட்டார். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் எண்பது வயதுக் கிழவர் முதல் எல்லோருக்கும் அவர் அக்காதான். எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது, நானும் அக்கா என்றேதான் கூப்பிட்டேன்.

தெருவில் கிடந்தவனுக்கு முதலில் கெட்டுப்போவது கால்தான். அதனால் பை நிறையக் கட்டுத்துணியும், ரப்பர் வளையம் சுற்றிய கத்தரிக்கோலும் இல்லாமல் அக்காவைப் பார்க்க முடியாது. "எனக்கு இருபத்தோரு வயசுல கால்கட்டு போட்டு விட்டாங்க. அதுக்கப்புறம் ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நான்தான் போட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத கிழவர்கள் இதற்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமனார் நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். "ஊர்ப் புண்ணெல்லாம் ஆத்தறவ வீட்டுலயே படுக்கைப் புண்ணுன்னா, மானம் போயிடும் சார்" என்பார். அதனால் அக்காவின் தூக்கம் எப்போதும் சில்லறைத் தூக்கம். பஸ்ஸில் பத்து நிமிஷம், எங்கள் மாடிப்படியில் ஐந்து நிமிஷம். கொதிக்கும் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது நின்றபடியே கண்ணை மூடுவார்.

போன வருஷம் மழைக்காலத்தில் வேன்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். பேச்சு குறைவு. காலில் முட்டிக்குப் பாதி வரைக்கும் ஏறின பழைய பட்டாளத்து பூட்ஸ். நாலாம் நம்பர் கட்டிலைக் கொடுத்தோம். அவர் படுக்கவேயில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். குளிக்கச் சொன்னாலும் சரி, படுக்கச் சொன்னாலும் சரி, பூட்ஸைக் கழற்றச் சொன்னதும் ஒரே பதில்தான்.

"காவலுக்கு யாரு?"

கதவு பூட்டியிருக்கிறது என்றேன். வாசலில் கேட் இருக்கிறது என்றேன். "காவலுக்கு யாரு?" என்று மறுபடியும் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'தொடர்பில்லாமல் பேசுகிறார்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் பூட்ஸ்காரர்.

மூன்றாம் நாளே நாற்றம் எடுத்தது. பக்கத்துக் கட்டில்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வரும் டாக்டர் அறைக்குள் நுழைந்ததுமே நின்றார்.

"சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. வலது கால்லேர்ந்துதான் இந்த வாடை. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் காலப் பாத்தாகணும். இல்லன்னா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான். அதுக்கும் மேல தள்ளினா ஆளே மிஞ்ச மாட்டாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாமா?" என்று கேட்டார்.

"தூங்க வெச்சுக் கழட்டிடலாம் டாக்டர். முழிச்சதும் கிளம்பிடுவாரு" என்றார் அக்கா. "தினமும் கட்டு மாத்தணுமே. ஆள் போனப்புறம் நான் எந்தப் பாலத்துக்கடியில போய்த் தேடறது? வெள்ளி வரைக்கும் டைம் குடுங்க."

புதன் போனது. அக்கா பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை மத்தியானம், அக்கா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பூட்ஸ்காரர் நாற்காலியில் கண்ணசந்திருந்தார். சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்து கயிற்றில் கை வைத்தேன். அந்த பூட்ஸ் என் வாயில் வந்து இறங்கியது. உதடு கிழிந்தது. மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

அதே நேரத்தில் அக்கா கேட்டுக்குள் நுழைந்தார். அவரையும் பார்த்தார், பின்னால் ரத்தம் ஒழுக ஓடி வந்த என்னையும் பார்த்தார்.

"என்ன சார், பட்டாளத்துல சேந்துட்டீங்களா?" என்றார் என்னிடம். பிறகு வழியிலேயே நின்றுகொண்டு, "நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்று அவரைக் கேட்டார்.

"பூட்ஸ அவுக்கப் பாக்கறாரு சிஸ்டர். காவல் இல்லாம."

"சரி, காவலுக்கு யாரு நிக்கணும்?"

அவர் அக்காவையே பார்த்தார். ஒரு வாரமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கேள்வி என்பதே அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது.

"யாரு வேணா நிக்கலாம். தூங்கக் கூடாது" என்றார்.

"சரி."

"உக்காரவும் கூடாது. உக்காந்தா கண்ணு சொக்கிடும்."

"சரி. நான் நிக்கறேன்."

பூட்ஸ்காரர் பையை இறக்கினார். தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க முகாம்ல ஒரு தடவ காவலுக்கு இருந்தவன் தூங்கிட்டான் சிஸ்டர். உள்ள ஏழு பேரு பூட்ஸக் கழட்டிட்டுப் படுத்திருந்தாங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஏழு பேருக்கு என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். வலது காலில் காலுறை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊற வைத்து, அக்கா அதை விரலளவு விரலளவாக உரித்தெடுத்தார். இரண்டு விரல்கள் கரியாகிப் போயிருந்தன. நான் வெளியே ஓடிவிட்டேன். அக்கா முகத்தில் ஒரு சுளிப்பில்லை. "நல்ல வேளை, குதிகால் உயிரோட இருக்கு. சமயத்துக்கு வந்தீங்க" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

அந்த இரண்டு விரல்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அன்றும் கதவருகே அக்காதான் நின்றார். இல்லத்துக்குத் திரும்பியதும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: ஒரு மாதம் தினமும் கட்டு மாற்ற வேண்டும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கழிக்கிறவர் என்பதால், பகலிலாவது இரண்டு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் கால் போச்சு.

அப்படித்தான் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் அக்காவின் காவல் தொடங்கியது. காலை ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரியில் நின்ற கால்கள் இங்கே வந்து அறை வாசலில் நிற்கும். முதல் நாள் நான் போய், "நீங்க உக்காருங்கக்கா, நான் நிக்கறேன்" என்றேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இவரு வேண்டாம் சிஸ்டர்."

அக்கா என் உதட்டுத் தையலைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கோபப்படவும் முகமில்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து வாசலைப் பார்ப்பார். அக்கா நிற்பார். மறுபடி மூடிக்கொள்வார். இரண்டாம் வாரத்தில் குறட்டையே விட ஆரம்பித்தார். "இப்ப உக்காந்தா யாருக்குக்கா தெரியப் போகுது?" என்று ஒரு ஸ்டூலை எடுத்துப் போய் வைத்தேன். "எனக்குத் தெரியுமே சார்" என்று அதை எனக்கே திருப்பிக் கொடுத்தார். கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள். அக்காவின் மாமனாருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று ராத்திரி ஆகியிருந்தது. வீட்டுக்காரர் எங்கேயோ தூரத்தில் லாரியோடு இருந்தார். அக்கா வந்தபோது கண்கள் குழிக்குள் போயிருந்தன. பேச்சுகூட இழுத்தது. "வீட்டுக்குப் போங்கக்கா, ஒரு நாள்தானே" என்று சத்தம் போட்டேன். "ஒரு நாள் நிக்கலன்னா அவரு மறுபடி பூட்ஸ மாட்டிடுவாரு. ரெண்டு மணி நேரம்தானே சார்" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றார்.

மூன்று மணிக்கு அக்காவுக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அக்கா இல்லை.

அக்கா நின்ற இடத்தில் பூட்ஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். கட்டுப் போட்ட காலைக் கவிழ்த்த வாளிமேல் வைத்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். உள்ளே தரையில் அக்கா சுருண்டு கிடந்தார். தலைக்கு பூட்ஸ்காரரின் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம்.

எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். எது நடக்கக் கூடாது என்று இத்தனை நாள் நின்றாரோ, அதையே மனுஷன் கண்ணால் பார்த்துவிட்டார். இனி பூட்ஸ், பை, கேட், பாலத்தடி. "அவங்க வேணும்னு தூங்கலங்க. மூணு ராத்திரியா…" என்று ஆரம்பித்தேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"தெரியும் சார். நின்னபடியே தூங்கிச் சரிஞ்சுட்டாங்க. சத்தம் கேட்டு எந்திரிச்சேன்." கண்ணை வராந்தாவிலிருந்து எடுக்கவில்லை. "மூணு ராத்திரி தூங்காத ஆளக் கொண்டு வந்து நிறுத்தினா, அந்த உடம்பு என்ன செய்யும்? அது மேல கோபப்பட முடியுமா, சொல்லுங்க?"

நான் டீ டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னைக்கு நானும் மூணு நாளாத் தூங்கல சார்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முகாமில் காவலில் தூங்கிப்போனவன் என்று அவர் சொன்னது அவரையேதான். அந்த ஒரு தூக்கத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேலாகப் படுக்காமல், பூட்ஸைக் கழற்றாமல், தன்னைத்தானே காவலில் நிறுத்தி வைத்திருந்தார். நான் போட்ட அடிக்கோடு நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வரியை அன்று சாயங்காலமே அடித்துவிட்டேன். பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அவர் நிலையை மறு கையால் மாற்றிப் பிடித்தார். "கால் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இதுக்கு மேல நிக்க முடியாது" என்றார். "சிஸ்டர எழுப்ப வேண்டாம். நீங்க நிக்கறீங்களா சார்?"

டீயைச் சுவரோரம் தரையில் வைத்துவிட்டு, "நிக்கறேன்" என்றேன்.

அவர் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு தடவை கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். நான் நின்றேன். அப்புறம் அவர் பார்க்கவில்லை. நாலு மணி ஆனது, ஐந்தும் ஆனது. செயலாளர் ஏதோ கையெழுத்துக்காக வந்தார், கையை ஆட்டித் திருப்பி அனுப்பினேன். அக்கா இத்தனை நாள் நின்றது எப்படி என்று தெரியவில்லை.

ஐந்தரைக்கு அக்கா விழித்தார். விழித்த வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ஐயையோ, தூங்கிட்டேனா?" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன்.

"ஆமா."

"அவரு?"

"அவரும்தான்."

கட்டிலைப் பார்த்தார். அதன் கீழே இரண்டு பூட்ஸும் ஜோடியாக இருந்தன. பிறகு என் காலைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கீழே கிடந்த போர்வையை எடுத்து உதறி மடிக்கப் போனவர், மடிக்காமல் அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நான் திரும்பி வராந்தாவைப் பார்த்துக்கொண்டேன். காவலுக்கு நிற்கிறவன் உள்ளே பார்க்கக் கூடாது.

"அந்த டீ எனக்கா சார்?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ஆறிப்போச்சுக்கா."

"பரவால்ல, குடுங்க" என்று வாங்கி, சுவரோரம் உட்கார்ந்து குடித்தார்.