கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் கம்பெனி பனியன்

ஒரு பனியன் காணாமல் போனதற்காக எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் திருப்பூரில் சிரிப்பார்கள். பனியன்தான் எங்களுக்குப் பிழைப்பே. அப்பாவின் சின்னக் கம்பெனி வீட்டோடு ஒட்டியிருந்தது. கட்டிலுக்கு அடியில்கூடப் பனியன் கட்டுகள் கிடக்கும். ஆனால் காணாமல் போனது எங்கள் பனியன் இல்லை. பிரபலமான துப்பறியும் நாவலாசிரியர் ஒருவர் போட்டிருந்த பனியன்.

அவர் பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். மாதம் தவறாமல் கொலை செய்தவர், எல்லாம் காகிதத்தில்தான். அவர் இறந்த பிறகு, பல்லடம் சாலையில் இருந்த சின்ன அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்க்கையைக் கண்காட்சியாக வைப்பதாக இருந்தார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த எழுத்தாளரின் தீவிர ரசிகர். பொருட்களை வாங்கி வந்து சேர்க்கும் பொறுப்பை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். எழுத்தாளரின் மனைவி பேனா, மூக்குக்கண்ணாடி, எழுதுகிற அட்டை இவற்றோடு கையில்லாத பழைய பனியன் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். பேட்டிகளில் எல்லாம் அடிபட்ட பனியன் அது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் அவருக்குக் கொலையே வருமாம். முதுகெல்லாம் ஓட்டை.

மாமா அதைப் போனில் படம் எடுப்பதற்காக தைத்த துணியில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் டேபிள் மேல் விரித்தார். எடுத்து முடித்ததும் அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த மேசையில் ஓட்டை விழுந்த துணியைக் கண்டால் எங்கள் ஊர்க் கை சும்மா இருக்காது. அம்மா போகிற போக்கில் அதை எடுத்துக் கழிவுத்துணி போடுகிற வேஸ்ட் மூட்டைக்குள் திணித்துவிட்டாள். மாமா திரும்பி வருவதற்குள் வேஸ்ட் வண்டிக்காரர் வந்து மூட்டையைத் தூக்கிப்போய்விட்டார். மாமா குடோனுக்கு ஓடிப் பார்த்தார். அதற்குள் வெளியூர் லாரி கிளம்பிவிட்டதாம். எந்தப் பட்டறையில் எந்த வண்டியின் எண்ணெயைத் துடைக்கப் போனதோ, யார் கண்டது.

"ஓட்டப் பனியன டேபிள் மேல போட்டா வேஸ்ட்ல போடாம மாலையா போடுவாங்க? ஒரு வார்த்த சொல்லீருக்கலாமில்லடா?" என்று அம்மா கத்தினாள். அடுத்த நிமிடம் அவளே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பத்தரம்னுகூட அந்தம்மா சொல்லலக்கா. அத்தன நம்பிக்கையாக் குடுத்தாங்க. நான் எப்படிப் போயி அவிங்க மூஞ்சில முழிப்பேன்?" என்றார் மாமா.

போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை. மாமா எங்கள் கம்பெனிப் பனியன் கட்டு ஒன்றைப் பிரித்து ஒரு பனியனை உருவினார். டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்தார், துவைகல்லில் அடித்தார், பிசிறு வெட்டுகிற ட்ரிம்மரால் ஓட்டை போட்டார். எந்த ஓட்டை எங்கே என்று பார்க்கத் தோதாகப் போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்த எழுத்தாளரின் நாவல்களை வீட்டுக்குத் தெரியாமல் படித்திருந்ததால் மாமா ஜெயிலுக்குப் போவது உறுதி என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். ஜெயிலில் மாமாவுக்குத் தயிர் கொடுப்பார்களா என்று வேறு கவலை. தயிர் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது.

திறப்பு விழாவுக்கு யாரை அழைத்தார்கள் தெரியுமா? ஒரு போலீஸ் அதிகாரியை. துப்பறியும் எழுத்தாளர் என்றால் போலீஸ்தானே பொருத்தம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தத் தொப்பியைப் பார்த்ததும் நான் மாமாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். பேனாவைப் பார்த்தார்கள், கத்தியும் ரத்தமுமாக இருந்த நாவல் அட்டைகளைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். மாமா செய்த பனியன் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்ததும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். வேறு ஊராக இருந்தால் யார் அந்தப் பனியனைக் குனிந்து பார்த்திருப்பார்கள்?

"ஏனுங்க, இது நாப்பதாம் நம்பர் நூலாட்டத் தெரியுதுங்களே?"

"நூல உடுங்க. அடிமடிப்புத் தையல் இப்பத்த மிஷின்ல அடிச்சாப்பல இருக்குதுங்க."

"ஓட்டயப் பாருங்க, நைஞ்சு போன ஓட்டயாட்டவா இருக்குது? ட்ரிம்மர்ல வெட்டுனாப்பல இருக்குதுங்க!"

போலீஸ் அதிகாரியும் சிரித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்த நேரம் பார்த்து எழுத்தாளரின் மனைவி உள்ளே வந்தார். "நல்லதாப் போச்சு, நீங்களே சொல்லுங்கம்மா, இது ஐயாவுதுங்களா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

அந்த அம்மா கண்ணாடிமேல் விரல் வைத்துக் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பனியனை விட்டுவிட்டு, கூட்டத்தில் மாமா நின்ற இடத்தைத் தேடிப் பார்த்தார்.

"அவருதுதானுங்க. தெனமும் தொவச்சுப் போட்டவ நானு, எனக்குத் தெரியாதுங்களா?"

அதற்குமேல் யார் பேசுவது? கூட்டம் கலைந்தது. அந்த அம்மா நேராக மாமாவிடம் வந்தார். "மூஞ்சி வாடிக் கெடக்குதே கண்ணு, சாப்புட்டீங்களா?" என்று கேட்டு அவர் கையைப் பிடித்து லேசாகத் தட்டிவிட்டுப் போனார். எனக்கோ அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து மாமா ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். இறங்கவில்லை. ஹேண்டில்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

"அந்தம்மாவே நம்பீட்டாங்கல்ல மாமா, இன்னும் எதுக்கு அழுகறீங்க?" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் படித்த நாவல்களில் கடைசிப் பக்கத்தில் அழுகிறவன் பிடிபட்டவனாகத்தான் இருப்பான். மாமாதான் தப்பித்துவிட்டாரே, இவர் ஏன் அழ வேண்டும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவே இல்லை.