கூண்டுக்கு வெளியே ஒரு காய் இல்லை

1. மானுக்குப் பந்தி

விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம், மானுக்குப் பந்தி போட்டேன் என்பேன். சிரிப்பார்கள். உண்மையில் அதுதான் வேலை. டெக்சாஸில் வேட்டைக்காரர்கள், மான் வந்து மேய வேண்டும் என்றே நிலத்தில் பயிர் போடுவார்கள். அதற்கு ஃபுட் பிளாட் என்று பெயர். அந்த விதைகளை விற்கும் ஒரு கம்பெனியின் டெஸ்ட் பண்ணையில், ரவுண்ட் ராக் என்ற ஊருக்கு வடக்கே, ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஓட்ஸ், குளோவர், டர்னிப், தட்டைப்பயறு, மொச்சை என்று அடுத்தடுத்துப் பாத்தி போட்டு, மான் எதை விரும்புகிறது என்று பார்ப்போம். நன்றாகத் தின்று தேறிய மானை அப்புறம் சுடுவார்கள். அதைப் பற்றி யோசிக்க எனக்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் யோசிப்பேன்.

டெஸ்ட் செய்யும் முறை எளிது. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு கம்பிக் கூண்டு கவிழ்த்திருக்கும். மான் வாய் அதற்குள் போகாது. கூண்டுக்கு உள்ளே இருப்பதையும் வெளியே மிஞ்சியதையும் ஒப்பிட்டால் எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும்.

கடைசி வருடம் புது ரக மொச்சை ஒன்று வந்தது. இலை உதிர்ந்த பிறகும் கொத்துக் கொத்தாகக் காய் நிற்கும். வேட்டை சீசன் முழுக்க மானை இழுத்து வைக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. என் பாஸ் டேல் போனில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இந்த ரகம் தேறவில்லை என்றால் பண்ணையை மூடிவிடுவார்களாம். எனக்குக் கவலை இல்லை, எப்படியும் ஓய்வு பெறப் போகிறவள். வயலைப் பார்த்துக்கொண்ட ஆரோக்கியராஜுக்குத்தான் எல்லாமே அதில் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். விசா கம்பெனி பெயரில்; கிரீன் கார்டு பாதி வழியில் நின்றது. மனைவியோடு பண்ணை ஓரத்துக் கம்பெனி வீட்டில் குடியிருந்தார். அந்தச் சமயம் ஊரிலிருந்து அவர் அம்மாவும் விசிட்டர் விசாவில் வந்திருந்தார்.

2. அமோக விளைச்சல்

அக்டோபரில் பார்த்தால் கூண்டுக்குள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. வெளியே ஒரு காய் இல்லை. ஆரோக்கியம் வயலிலேயே சிலுவை போட்டுக்கொண்டார். நான் அன்றே ரிசல்ட்டை அனுப்பினேன். டேலுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டில் எனக்கு விருந்து. மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"மொச்சை எங்கக்கா கெடச்சது?" என்று அவர் அம்மாவிடம் கேட்டேன்.

"இங்க எல்லாந்தான் கெடைக்கே, தங்கச்சி. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டா?"

இந்தியன் ஸ்டோரில் ஃப்ரோஸன் பாக்கெட் விற்பார்கள், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆரோக்கியமும் மனைவி வாங்கி வந்தது என்றுதான் நினைத்திருக்கிறார். மனைவியோ, அவர் வயல் ஓரத்தில் மிஞ்சியதைப் பறித்து வந்தார் என்று நினைத்திருக்கிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை.

3. காம்பு

கேட்டலாக்குக்குப் படம் எடுக்கக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கடித்து இழுக்கும், காம்பு நார் நாராகப் பிய்ந்து நிற்கும். இங்கே ஒவ்வொரு காம்பும் நகத்தால் கிள்ளியது போலச் சுத்தமாக இருந்தது.

மானைப் படம் பிடிக்க வைத்திருந்த எங்கள் கேமரா, அது வயலுக்குள் நுழையும் வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மொச்சைப் பக்கம் திருப்பினேன். அதற்குள் புதிதாக முற்றியிருந்த காய்களைத் தேடி அதே வாரம் ஆள் வந்தது. நட்டநடு மத்தியானம், நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், காலில் மகனின் பூட்ஸ், மடி நிறைய மொச்சைக்காய். அன்று காலையில் எடுத்த படத்தில் இரண்டு பெட்டை மான்கள் மொச்சையை மோந்து பார்த்துவிட்டு ஓட்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

டிராக்டர் ஷெட்டில் வைத்து ஆரோக்கியத்திடம் காட்டினேன்.

"இது கம்பெனி சும்மா போட்டு வச்ச எடம்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன் மேடம். ஊரெல்லாம் பையன் சயின்டிஸ்ட்னு சொல்லி வச்சிருக்காங்க. மானுக்குத் தீனி போடுற வேலைன்னு எப்படிச் சொல்றது? காய் முத்தி வீணாப் போறதப் பாத்தா அவங்களுக்குக் கை சும்மா இருக்காது."

நான் கேமராவைப் பெஞ்சில் வைத்தேன்.

"மேடம், இத டெலிட் பண்ணிடுங்கன்னு நான் கேட்டா பண்ணுவீங்களா?"

"தெரியலப்பா."

நிஜமாகவே தெரியவில்லை. அந்த முகத்தோடு அவர் கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

"கேக்க மாட்டேன். ஆனா அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

டேலிடம் அவரே சொன்னார், ஆள் பறித்துவிட்டது, ரிசல்ட் தப்பு என்று. யார் என்று சொல்லவில்லை. டேல் நல்ல மனிதர்தான். இன்னொரு வயலில் இருந்த அதே மொச்சையை, உறைபனி விழும்வரை கேமரா வைத்துப் பார்க்கச் சொன்னார். மான் ஒரு காயைக்கூடத் தொடவில்லை. பனியில் செடி கருகியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பண்ணையை மூடினார்கள். ஆரோக்கியம் நாலா பக்கமும் அப்ளை பண்ணினார். விசா கெடு முடிவதற்குள் ஒன்றும் அமையவில்லை.

4. பெட்டி கட்டிய அன்று

வழியனுப்பப் போனபோது வீட்டில் சாமான்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொச்சைய மான் திங்கலன்னுதான் எம்புள்ள வேல போச்சாமே, தங்கச்சி? இப்பத்தான் சொல்லுதான்."

"ஆமாக்கா."

"எப்பேர்ப்பட்ட காய்! நீங்களே ரெண்டு வாட்டி வாங்கித் தின்னீங்களே. அந்த மானுக்கு ருசி தெரியலயே. நாசமாப் போற மானு."

பின்னால் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிமிரவே இல்லை.

"மானுக்கு ருசி தெரியலக்கா," என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூண்டு வையுங்கள், கேமரா வையுங்கள், காம்பைக் குனிந்து பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். மானுக்குத் தீனி போடுகிற வேலை என்றால் அப்படியே சொல்லுங்கள். அந்த அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நாலு நாள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அந்தப் பாத்திப் பக்கம் ஒரு காக்காயைக்கூட அண்ட விட்டிருக்க மாட்டார்.